பென்சிலில் எழுதிய தேதிகள்

புத்தாண்டு இதழுக்குக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டபோது குடும்பம், வேலை, உடம்பு, காதல் என்று கலந்து வரும் என்றுதான் நினைத்தேன். பாதிக்கு மேல் சினிமா. அதிலும் வந்து போன படங்களைப் பற்றிச் சொற்பம், வரப்போகிற படங்களைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: 2026-ல் நீங்கள் எதிர்பார்க்கும் படங்கள் என்னென்ன? பட்டியல் போடும் பழக்கம் உண்டா?

உண்டு. டைரியின் கடைசிப் பக்கத்தில். படத்தின் பெயர் பேனாவில், தேதி பென்சிலில். ஏன் பென்சில் என்பதற்குக் கீழே வேறொரு கேள்வியில் பதில் இருக்கிறது.

போன வருடப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். 11 படம் எழுதியிருக்கிறேன். ஆறு வந்தன, அதில் நான்கைப் பார்த்தேன், மூன்று இந்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டன, மீதி இரண்டைப் பற்றிப் பேச்சு மூச்சே இல்லை. கணக்கு நோட்டில் பழைய பாக்கியைப் புதுப் பக்கத்தின் தலையில் ஏற்றி எழுதுவார்களே, அதே மாதிரி அந்த மூன்றையும் மேலே எழுதிவிட்டுத்தான் புதுசைத் தொடங்கினேன்.

புதுசில் முதல் இடம் மார்ச் 20 என்று அறிவித்திருக்கும் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'க்கு. ஆண்டி வெயரின் நாவலை இரண்டு ராத்திரியில் படித்து முடித்தவன் நான். தன் பெயர்கூட நினைவில்லாமல் விண்கலத்தில் கண் விழிக்கிற ஒரு ஆள், தான் யார், எதற்கு வந்தோம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிற கதை. பக்கத்துக்குப் பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற அந்த மனிதரைத் திரையில் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஜூன் 19-க்கு 'டாய் ஸ்டோரி 5', ஜூலை 17-க்கு இயக்குநர் நோலனின் 'தி ஒடிசி', டிசம்பர் 18-க்கு 'டூன்' மூன்றாம் பாகம். கடைசியாகச் சொன்னதற்கு என் ஆவல் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு படமாகத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாயகனை மூன்றாவது படத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்பது நாவல் படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தயவுசெய்து யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

இவை போக ஐந்தாறு சின்னப் படங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வரிசையாக ஓடாமல் போகிற ராசி எனக்கு.

கேள்வி: படப்பிடிப்பே தொடங்கியிருக்காது. ஆனால் இரண்டு வருடம் கழித்து இன்ன தேதியில் ரிலீஸ் என்று அறிவித்துவிடுகிறார்கள். எந்த தைரியத்தில்?

பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் இன்னும் கீழேதான் நிற்பார், துண்டு மட்டும் சீட்டில் உட்கார்ந்திருக்கும். ரிலீஸ் தேதி அந்தத் துண்டுதான். மற்றவர்கள் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு நகர வேண்டும். பெரிய ஸ்டுடியோக்கள் பெயரே வைக்காத படத்துக்குக்கூட, 'பெயரிடப்படாத படம்' என்று போட்டு வருடக்கணக்கில் முன்கூட்டியே தேதி பிடித்து வைக்கின்றன.

இதில் தைரியத்தை விடப் பயம்தான் அதிகம். வருடத்தில் நல்ல விடுமுறை வாரங்கள் கொஞ்சம். பெரிய திரைகள் அதைவிடக் கொஞ்சம். 2023 ஜூலையில் டாம் க்ரூஸின் 'மிஷன் இம்பாசிபிள்' 12-ஆம் தேதி வந்தது, 21-ஆம் தேதி 'ஓப்பன்ஹைமர்' வந்தது. ஐமேக்ஸ் என்கிற ராட்சதத் திரைகள் எல்லாம் ஏற்கெனவே பின்னவர் பெயரில் பேசி முடிக்கப்பட்டிருந்ததால், முன்னவர் பத்து நாள்கூட உட்கார முடியாமல் எழுந்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அத்தனை பெரிய ஹீரோவுக்கே இந்த நிலைமை.

அதோடு படத்தை ஒட்டி வரும் பொம்மை, சட்டை, வீடியோ கேம் என்று பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது. அவர்களுக்கு அச்சடிக்கவும் வார்க்கவும் ஒரு தேதி வேண்டும்.

இந்த வருடம் வேடிக்கை பார்க்க வேண்டியது டிசம்பர் 18. மே 1-க்கு வருவதாக இருந்த 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' அந்தத் தேதிக்குத் தள்ளிப் போயிருக்கிறது, 'டூன்' மூன்றாம் பாகமும் அன்றைக்குத்தான். ஒரே சீட்டில் இரண்டு துண்டு. யாராவது ஒருவர் எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். எழுந்திருக்கவில்லை என்றால் எனக்கு லாபம்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த நாள் லீவு போட்டுத் தூங்குவேன். 2023-ல் 'ஓப்பன்ஹைமர்' வந்த அதே நாளில் 'பார்பி'யும் வந்து, ஒன்றைப் பார்த்த கையோடு அடுத்த தியேட்டருக்குள் நுழைந்தவர்கள் ஏராளம். சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்த இரண்டு படமும் ஒன்றுக்கொன்று விளம்பரமாகிப் போயின.

கேள்வி: நான் காத்திருக்கும் படம் மூன்றாவது முறையாகத் தள்ளிப் போயிருக்கிறது. தள்ளிப் போனாலே படம் தேறாது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். உண்மையா?

'டைட்டானிக்' 1997 ஜூலை 2-ஆம் தேதி வர வேண்டிய படம். கிராஃபிக்ஸ் வேலை முடியவில்லை, டிசம்பர் 19-க்குப் போனது. அதுவரைக்கும் உலகத்தில் அவ்வளவு செலவு செய்து யாரும் படம் எடுத்ததில்லை என்பதால், கப்பலோடு சேர்ந்து ஸ்டுடியோவும் மூழ்கப் போகிறது என்று அந்த ஆறு மாதமும் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்: 11 ஆஸ்கர், 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் படம். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தள்ளிப் போவதற்கு நூறு காரணம் இருக்கும். ஷூட்டிங் முடிந்துவிட்டது, பூசணிக்காய் உடைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் நாம் படம் முடிந்ததாக நினைக்கிறோம். பாதி வேலை அப்போதுதான் ஆரம்பம். எடிட்டிங், டப்பிங், கிராஃபிக்ஸ், பின்னணி இசை, கடைசியில் எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சிங். இதில் ஒன்று இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும். எடிட்டர் ஒரு காட்சியில் மூன்று வினாடியை வெட்டினால், அந்த மூன்று வினாடிக்கு ராப்பகலாக உட்கார்ந்து கிராஃபிக்ஸ் செய்தவரின் வேலை குப்பைக்குப் போகும், இசையமைப்பாளர் அந்த இடத்தின் தாளக்கணக்கை மறுபடியும் போட வேண்டும், மிக்சிங்கில் உட்கார்ந்திருப்பவர் முதலிலிருந்து வர வேண்டும். ஒரு இடத்தில் இரண்டு வாரம் நழுவினால் கடைசியில் அது இரண்டு மாதமாகி நிற்கும்.

சில சமயம் ரசிகர்களே தள்ளி வைப்பார்கள். 'சோனிக்' என்ற நீல முள்ளெலிப் படத்தின் ட்ரெய்லர் 2019 ஏப்ரலில் வந்தபோது, அந்தப் பிராணியின் வாயில் மனிதப் பற்களைப் பார்த்து உலகமே அலறியது. மாற்றுகிறோம் என்று இயக்குநரே முன்வந்து சொல்லி, முழு உருவத்தையும் மறுபடி வரைந்து, நவம்பரில் வர வேண்டிய படத்தை அடுத்த பிப்ரவரியில் விட்டார்கள். ஓடியது, அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

சில சமயம் படம் தயாராகப் பெட்டியில் இருக்கும், வெளியே நிலைமை சரியிருக்காது. 2023-ல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, நடிகர்கள் விளம்பரத்துக்கு வர முடியாது என்பதற்காகவே 'டூன்' இரண்டாம் பாகம் நவம்பரிலிருந்து அடுத்த மார்ச்சுக்குப் போனது. 'டாப் கன்: மேவ்ரிக்' 2019-ல் வர வேண்டியது, கொரோனாவும் சேர்ந்துகொள்ள 2022 மே மாதம்தான் வந்தது. மூன்று வருடம் காத்திருந்த கோபமெல்லாம் முதல் விமானம் கிளம்புகிற காட்சியில் கரைந்துபோனது, எனக்கு மட்டுமில்லை, அந்தப் படம் கிட்டத்தட்ட 150 கோடி டாலரில் போய் நின்றது.

ஆனால் உங்கள் நண்பர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அறிவிப்பைப் படிக்கும்போது கவனியுங்கள். காரணமும் புதுத் தேதியும் சேர்ந்து வந்தால் கவலை வேண்டாம். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் பணப் பிரச்சினை. 'விரைவில்' என்று மட்டும் இருந்தால் வேறு படத்துக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ட்ரெய்லரிலேயே முழுக்கதையையும் காட்டிவிடுகிறார்கள். பார்ப்பதா, வேண்டாமா?

முதலில் ஒரு வேடிக்கை. ட்ரெய்லர் என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்றுதான் பொருள். ஆரம்ப காலத்தில் அதைப் படம் முடிந்த பிறகு காட்டினார்கள், அதனால் வந்த பெயர். படம் முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விடுகிறது என்று புத்தி வந்து முன்னால் கொண்டுவந்தார்கள், பெயர் மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது.

பெரிய படங்களின் ட்ரெய்லரைப் பெரும்பாலும் இயக்குநர் வெட்டுவதில்லை, அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் வேலை உங்களைத் தியேட்டர் வாசல் வரை கொண்டுவந்து விடுவது. உள்ளே போனபிறகு நீங்கள் என்ன அனுபவிக்கிறீர்கள் என்பது அவர்கள் கவலை இல்லை. 1991-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' ஆரம்பத்தில் கவனித்துப் பாருங்கள். எதிர்காலத்திலிருந்து வந்த இருவரில் யார் அந்தப் பையனைக் கொல்ல வந்தவர், யார் காக்க வந்தவர் என்பதை அவ்வளவு கவனமாக மறைத்து மறைத்து நகர்த்தியிருப்பார்கள். ட்ரெய்லரில் அதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். எழுதினவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மேலே சொன்ன 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'க்கும் அதுதான் நடந்தது. நாவலில் நடுவில் வரும் ஒரு விஷயம், நான் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்த இடம், முதல் ட்ரெய்லரிலேயே இருக்கிறது. என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் ட்ரெய்லர் பார்க்காதவர் என்றால் அப்படியே இருங்கள்.

இதற்கு நேர் எதிர் இயக்குநர் ஹிட்ச்காக். 1960-ல் 'சைக்கோ'வுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ட்ரெய்லர். அதில் கதையே கிடையாது. ஹிட்ச்காக் மட்டும் வாடகைக்கு வீடு காட்டும் தரகர் மாதிரி அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார், இங்கேதான் நடந்தது, அடடா, பயங்கரம் என்று பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார். கடைசியில் குளியலறைத் திரையைச் சடாரென்று விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண் படத்தில் குளியலறையில் வருகிற ஜேனட் லீ இல்லை, விக் வைத்த வேரா மைல்ஸ். படத்தைத் துளிகூடக் கெடுக்காமல் ஆறு நிமிடம் ஆசை காட்டியிருக்கிறார் மனிதர். படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று தியேட்டர்களுக்கும் சொல்லிவிட்டார்.

என் வழக்கம் இது: பார்ப்பது என்று முடிவு செய்துவிட்ட படத்துக்கு ட்ரெய்லர் பார்ப்பதில்லை. முடிவு செய்யாத படத்துக்கு முதல் ஒரு நிமிடம். தியேட்டரில் தப்பிக்க முடியாது என்பதுதான் சிக்கல். போன மாதம் இப்படி ஒன்று வந்தபோது முன்சீட்டின் முதுகில் யாரோ சாவியால் கீறியிருந்த இரண்டு எழுத்தை முறைத்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மெதுவாகத் தோளைத் தொட்டு, "தலை சுத்துதா சார், தண்ணி வேணுமா?" என்றார். வாங்கிக் குடித்துவிட்டேன், விளக்கம் சொல்ல நேரமில்லை.

கேள்வி: முதல் நாள் முதல் காட்சியா, ஓடிடியில் வரும்வரை பொறுமையா? உங்கள் கட்சி எது?

மூன்றாம் நாள், மதியக் காட்சி. கூச்சல் அடங்கியிருக்கும், கூட்டமும் இருக்கும். ஓடிடிக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் உண்மையில் காத்திருப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: 'தி ஒடிசி' படத்துக்கு ஒரு வருடத்துக்கு முன்பே டிக்கெட் விற்றார்களாமே? நிஜமா, விளம்பரமா?

நிஜமும்தான், விளம்பரமும்தான். 2025 ஜூலை 17-ஆம் தேதி, படம் வர சரியாக ஒரு வருடம் இருக்கும்போது, 70 எம்.எம். ஐமேக்ஸ் ஃபிலிமில் திரையிடும் சில தியேட்டர்களுக்கு மட்டும் முன்பதிவைத் திறந்தார்கள். பல இடங்களில் வேகமாகத் தீர்ந்துவிட்டது. அப்போது ஷூட்டிங்கே முடிந்திருக்கவில்லை! கல்யாணத் தேதி நிச்சயமாகாத வீட்டில் மொய் எழுத வரிசையில் நிற்பது மாதிரி.

ஏன் அப்படி முண்டியடிக்கிறார்கள் என்றால், அந்தத் தியேட்டர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. 'ஓப்பன்ஹைமர்' வந்தபோது அந்த ஃபிலிமை ஓட்டக்கூடிய திரைகள் உலகம் முழுக்க 30 தான் கிடைத்தன. அந்தப் படத்தின் ஒரு பிரதி சுமார் 18 கிலோமீட்டர் நீளம், எடை 270 கிலோவுக்குப் பக்கம். சாதாரண ஃபிலிம் ப்ரொஜெக்டரில் மேலிருந்து கீழே ஓடும், இது படுக்கைவாட்டில் ஓடும், அதனால்தான் ஒவ்வொரு ஃபிரேமும் அவ்வளவு பெரியது. கேமராவில் ஒரு முறை ஃபிலிம் ஏற்றினால் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஓடும்போது தையல் மெஷின் மாதிரிச் சத்தம் வேறு, அதனால் இதுவரை மெல்லப் பேசும் காட்சிகளை வேறு கேமராவில் எடுத்துச் சமாளித்தார்கள். முழுப் படத்தையும் இந்தக் கேமராவிலேயே எடுத்த முதல் கதைப்படம் 'தி ஒடிசி' என்பதால், ஊர் திரும்ப பத்து வருடம் அலைந்த கிரேக்க வீரனின் கதைக்கு ஒரு வருடம் காத்திருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள்.

நான் வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாதபோது, எந்த வரிசையில் எந்த சீட்டில் இருப்பேன் என்று மட்டும் தெரிந்திருப்பது என்னவோ போல இருந்தது.

கேள்வி: எல்லாமே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், ஐந்தாம் பாகம். புதுசாக ஒரு கதை யோசிக்க ஆளே இல்லையா?

ஆள் இருக்கிறார்கள், காசு போடுகிறவர்கள் யோசிக்கிறார்கள். 2024-ல் உலக வசூலில் முதல் மூன்று இடம் பிடித்த 'இன்சைட் அவுட் 2', 'டெட்பூல் அண்ட் வுல்வரின்', 'மோனா 2' மூன்றும் தொடர்ச்சிப் படங்கள். புதுப் படத்துக்கு எதிர்பார்ப்பை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்க வேண்டும். அடுத்த பாகத்துக்கு அது ஏற்கெனவே வீட்டில் வளர்ந்து நிற்கும், பெயரைச் சொன்னால் போதும், எழுந்து வரும்.

எனக்கும் சலிப்புதான், ஆனால் நானே 'டாய் ஸ்டோரி 5'-ஐ எழுதி வைத்திருக்கும்போது உங்களோடு சேர்ந்து திட்டுவதற்கு வாய் வரவில்லை. முதல் பாகம் 1995-ல் வந்தது. அன்றைக்கு அதைப் பார்த்த குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள், பொம்மைகளுக்குப் போட்டியாக இந்த முறை வரப்போவது ஒரு டேப்லெட். அது எந்த வீட்டில் நடக்கவில்லை, சொல்லுங்கள். 'மேட் மேக்ஸ்' மூன்றாம் பாகத்துக்கும் நான்காம் பாகத்துக்கும் நடுவில் 30 வருடம். நான்காவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, அதை எடுக்கும்போது இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆக, எண்ணில் குற்றம் இல்லை. சொல்வதற்கு ஏதாவது சேர்ந்த பிறகு எடுத்தால் எத்தனையாவது பாகமும் பார்க்கலாம். வருடா வருடம் வந்தே தீரும் என்று எடுப்பவற்றைத்தான் நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கேள்வி: வரும் வரும் என்று சொல்லி வராமலே போன படங்களில் உங்களுக்கு ஏக்கம் எது?

கமலின் 'மருதநாயகம்'. 1997-ல் தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து ராணியே வந்து போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு புத்தாண்டிலும் யாராவது ஒருவர் அந்தப் பெயரை எடுக்காமல் இருந்ததில்லை.

ஆனால் முழுசாக நம்பிக்கை இழக்க முடியாதபடி சில படங்கள் பண்ணிவிடுகின்றன. எம்.ஜி.ஆர். 1958-ல் எடுக்க நினைத்த 'பொன்னியின் செல்வன்' 2022-ல் மணிரத்னம் கையால் வந்து சேர்ந்தது. இயக்குநர் டெர்ரி கில்லியம் 2000-ல் தொடங்கிய டான் கிஹோத்தே படத்தின் கதை இன்னும் பரிதாபம். முதல் வாரத்திலேயே வெள்ளம் வந்து சாமான்களை அடித்துக்கொண்டு போனது, கதாநாயகருக்கு முதுகில் வலி, குதிரையில் உட்கார முடியவில்லை, ஷூட்டிங் நின்றுபோனது. அது நின்றுபோன கதையே தனி ஆவணப்படமாக 2002-ல் வந்துவிட்டது! படம் 2018-ல்தான் வந்தது, வேறு நடிகர்களோடு. அதே வருடம் ஆர்சன் வெல்ஸின் 'தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்'டும் வெளிவந்தது. அவர் 1970-ல் எடுக்கத் தொடங்கிய படம், அவர் இறந்ததோ 1985-ல். யாரோ பொறுப்பாக ஃபிலிம் சுருள்களை மீட்டு, அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து வெட்டி ஒட்டி முடித்தார்கள். பார்த்தேன். தலையும் வாலும் புரியவில்லை, ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

கேள்வி: என் ஏழு வயது மகன் காலையில் கண் விழித்ததும் 'அந்தப் படம் வந்துடுச்சா?' என்று கேட்கிறான். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. என்ன சொல்லிச் சமாளிப்பது?

சமாளிக்காதீர்கள், ஒரு காலண்டரும் சிவப்புப் பேனாவும் கொடுத்துவிடுங்கள். என் அக்கா மகள் எட்டு வயதில் அப்படித்தான் ஒரு படத்துக்குக் காத்திருந்தாள். மாதக் காலண்டரில் ரிலீஸ் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் அந்தப் படத்தில் வரும் பூனை, பார்த்தால் பூசணி மாதிரி இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் தூங்கும் முன் அன்றைய கட்டத்தைக் குறுக்கே அடிப்பாள். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டு கட்டம் அடிக்கலாம் என்று அதையும் சந்தோஷமாகவே எடுத்துக்கொள்வாள்.

வட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தேதி மாறிவிட்டது. இதை அவளிடம் யார் சொல்வது என்று வீட்டில் ஆளுக்கு ஆள் நழுவினார்கள். கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது. சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒயிட்னரால் அந்தப் பூனையைப் பொறுமையாக மூடினாள். ஊதிக் காயவைத்தாள். அப்புறம் அடுத்த மாதத்தைப் புரட்டிக்கொண்டே, "எங்க மாமா வட்டம் போடணும்?" என்றாள்.

புதுத் தேதியை அப்போது அறிவிக்கவில்லை. இன்னும் சொல்லவில்லை கண்ணு, தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

"அப்ப பென்சில் குடு."

அன்றிலிருந்துதான் என் டைரியிலும் தேதிகள் பென்சிலில். படம் எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, படம் சின்னப் பசங்களுக்கானது என்று சொல்லிவிட்டாள். ஆனால் வந்தாள். இடைவேளை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பூனை தொலைந்துபோகிற இடத்தில் என் சட்டைக் கையைப் பிடித்தவள்தான், விளக்கு போட்டபிறகும் விடவில்லை.

கேள்வி: ஒரு வருடமாக எதிர்பார்த்த படம் படுமோசம். மனசு ஆறவில்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

நடக்காமல் என்ன. ஒரு படத்துக்கு ராத்திரி 12 மணிக்கு முன்பதிவு திறக்கிறது என்று போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்ததும் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டே போகின்றன, நான் தொடுகிற கட்டத்தை எனக்கு முன்னால் யாரோ தொட்டுவிடுகிறார்கள், கடைசியில் முதல் வரிசையில் ஓரமாக ஒன்று கிடைத்தது. ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி வீட்டில் எல்லாரையும் எழுப்பிச் சொன்னேன், திட்டு வாங்கினேன். படமோ, இடைவேளையில் வீட்டுக்குப் போயிருக்கலாம். கழுத்து வலி மூன்று நாள் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த வருடத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த ராத்திரிதான். அந்தப் பச்சைக் கட்டங்கள் இப்போதும் கண்ணில் நிற்கின்றன, படத்தின் கதையைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அதே இயக்குநரின் அடுத்த படத்தைப் பட்டியலில் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: இந்த வருடக் கடைசியில் உங்களுக்கு மிகவும் பிடித்த படமாக ஆகப்போவது, இப்போது உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு படம்தான். பந்தயம் கட்டுகிறீர்களா?

மாட்டேன், தோற்றுவிடுவேன். 2019 ஜனவரியில் என் பட்டியலில் 'பாரசைட்' கிடையாது. கொரியப் படம் ஒன்று வரப்போகிறது என்பதே தெரியாது. மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியபோது பெயரைக் கேள்விப்பட்டேன், அடுத்த பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர், அதில் சிறந்த படத்துக்கானதும் ஒன்று, ஆங்கிலம் அல்லாத வேறு மொழிப் படம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. அந்த வருட டைரியில் அது கடைசி வரியில், வேறு மையில், கோணல்மாணலாக இருக்கிறது.

இந்த முறையும் கீழே மூன்று வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். எந்தப் படம் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் எழுதுங்கள். இல்லை, வேண்டாம், எழுதாதீர்கள்.